கிணற்றுக்குப் போகிற வழியையும் எழுதி வை

போன இதழில், மகள் வீட்டுக்காக அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் போயிருந்த ஆறு மாதத்தில் அந்தப் பக்கத்துக் கிராமங்களின் இருநூறு, இருநூற்றைம்பது வருடத்துப் பழைய உயில்களையும் பாகப்பிரிவினைக் காகிதங்களையும் உட்கார்ந்து படித்ததை நாலு வரி எழுதியிருந்தேன். முப்பத்திரண்டு வருடம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதினவனுக்கு வேறு எதில் கண் போகும்? அதற்கு வந்த கடிதங்கள் மேஜை நிறைய இருக்கின்றன. இந்த முறை பதில் அவற்றுக்கு மட்டும்.

கேள்வி: சாதாரண விவசாயி ஒருவன் மனைவிக்கு ‘கிழக்குப் பக்கத்து அறை, கிணற்றுக்குப் போய்வரும் உரிமை’ என்று உயிலில் எழுதி வைப்பான் என்று சொன்னீர்கள். நாற்பது வருடம் அவள் தண்ணீர் இறைத்த கிணறுதானே ஐயா? அதற்குப் போக ஒரு உயிலா? படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.
(வாசகி, கும்பகோணம்)

அம்மா, அந்த வரியை முதன்முதலாகப் படித்த அன்று எனக்கும் அப்படித்தான் இருந்தது. இன்னும் பத்து உயில்கள் படித்தபிறகுதான், அந்த வரி எழுதப்பட்ட வீட்டுக் கிழவி கொடுத்து வைத்தவள் என்று புரிந்தது.

சட்டம் என்ன சொன்னது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கம் அது. கணவன் இறந்தால் நிலம் மனைவிக்குப் போகாது. அவனுடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை அவள் உயிரோடு இருக்கும்வரை ஆண்டு அனுபவிக்கலாம், அவ்வளவுதான். விற்க முடியாது. நம் பத்திர பாஷையில் ஆயுள்கால அனுபவ பாத்தியம். அவள் காலத்துக்குப் பிறகு அது பிள்ளைகளுக்கு. உயில் எழுதாமல் கணவன் இறந்து பிள்ளைகளும் இருந்தால், ஆடு மாடு, பாத்திரம் பண்டம் போன்ற அசையும் சொத்தில் மூன்றில் ஒன்று மட்டும் அவளுக்கே சொந்தமாக வரும்.

இந்த ‘மூன்றில் ஒன்று’ வீட்டுக்கும் உண்டு. நீதிமன்றம் அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் சிலரை நியமிக்கும். அவர்கள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துப் பிரித்து எழுதுவார்கள்: கிழக்குப் பக்கத்து முன்னறை, அதற்கு மேலே உள்ள மாடியறை, நிலவறையில் பாதி, தொழுவத்தில் ஒரு ஓரம். சரி, அறை கிடைத்துவிட்டது. அடுப்பு? ரொட்டி சுடுகிற அடுப்பு புகைபோக்கியோடு சேர்த்துச் செங்கல்லில் கட்டியது. வீட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். அது மகன் பங்கில் விழுந்தால் இவள் எங்கே ரொட்டி சுடுவாள்? மாடியறைக்கு ஏறும் படி மகன் பக்கத்தில் இருந்தால்? கிணறு தெற்கே இருந்து, தெற்கு முற்றம் முழுக்க மகனுடையதாகிவிட்டால்? அதனால்தான் ‘அடுப்பைப் பயன்படுத்தும் உரிமை’, ‘படியில் ஏறி இறங்கும் உரிமை’, ‘கிணற்றுக்குப் போய்வரும் வழி’ என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் வண்டிப்பாதையையும் கிணற்றில் பாதியையும் மறக்காமல் எழுதுகிற எந்தப் பத்திர எழுத்தருக்கும் இது சொல்லாமலே விளங்கும்.

கணவனே யோசித்து உயில் எழுதியிருந்தால் விவரம் இன்னும் கூடும். மகனுக்கு நிலம், அந்த நிலத்தை அனுபவிப்பதற்கு ஈடாக அவன் தாய்க்கு வருடா வருடம் கொடுக்க வேண்டியது ஒரு பட்டியலாகவே வரும். இத்தனை புஷல் சோளம், இத்தனை புஷல் ரை தானியம், இத்தனை பவுண்டு பன்றிக்கறி, இத்தனை பீப்பாய் ஆப்பிள் சைடர், நூற்பதற்கு ஆளி நாரும் கம்பளியும், கோடையிலும் குளிரிலும் தீனி போட்டுப் பராமரித்த ஒரு பசு, ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனைக் கூடத்துக்குப் போக ஒரு குதிரை.

இதில் என்னைக் கட்டிப்போட்டது விறகு. அங்கே விறகை ‘கார்டு’ என்று அளப்பார்கள். எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம் அடுக்கினால் ஒரு கார்டு. இத்தனை கார்டு விறகு என்று எழுதினாலே போதும் என்றுதான் நாம் நினைப்போம். அவர்கள் அதோடு விடுவதில்லை. ‘அடுப்பில் வைக்கிற அளவுக்கு வெட்டி, அவள் வாசலில் கொண்டுவந்து போட வேண்டும்’ என்று எழுதினார்கள். ஜனவரி மாதத்து முழங்கால் பனியைப் பார்த்தபிறகு அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. மகன் காட்டில் நிற்கிற மரத்தைக் காட்டி ‘இதோ உன் விறகு’ என்று சொன்னால் கணக்கு சரியாகிவிடும். கிழவி குளிரில் செத்துப்போவாள். அந்த ‘வெட்டி’யும் ‘வாசலில்’ என்பதும்தான் அவளுடைய உயிர்.

பெற்ற மகனை இப்படிச் சந்தேகப்படலாமா என்று நீங்கள் கேட்கலாம். என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். ஒரு அம்மாள் ஒரே மகன் பேருக்கு வீட்டை செட்டில்மென்ட் எழுத வந்தார். “உங்களுக்கு ஆயுள் பாத்தியம் உண்டுன்னு ஒரு வரி சேர்க்கட்டுமாம்மா?” என்று கேட்டேன். “பெத்த புள்ளைகிட்ட போய் இதையெல்லாமா எழுதுவாங்க தம்பி?” என்றார். நான் வற்புறுத்தவில்லை. இரண்டாம் வருடம் ஒரு மஞ்சள் பையோடு என் கொட்டகைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை நான் எழுதியிருக்க வேண்டும். அதனால், இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய ஒரு குடியானவன் சாகக் கிடக்கும்போது கிணற்றுக்குப் போகிற வழியைக்கூட நினைவாகச் சொல்லி எழுத வைத்தான் என்று படிக்கும்போது, அதைச் சந்தேகமாகப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. தான் போனபிறகு அடுப்படி மருமகள் கைக்குப் போய்விடும், இவள் ஒண்டுக்குடித்தனக்காரி மாதிரி ஆகிவிடுவாள் என்று அவன் கண்ணால் பார்த்திருக்கிறான்.

ஒரு கசப்பும் உண்டு. இவ்வளவும் பல உயில்களில் ‘அவள் என் விதவையாக இருக்கும்வரை’ என்ற நிபந்தனையோடுதான். மறுமணம் செய்துகொண்டால் அறையும் பசுவும் போய்விடும். ஆனால் உயில் தனக்குப் பாதகம் என்று பட்டால் அதை மறுத்துவிட்டு, சட்டப்படியான மூன்றில் ஒரு பங்கைக் கேட்டு வாங்குகிற உரிமை அவளுக்கு இருந்தது. கேட்டு வாங்கியவர்களும் இருந்தார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் ஆரம்பத்திலிருந்தே எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்குதானா?
(வாசகர், திண்டுக்கல்)

இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உயில் எழுதினால் அவரவர் இஷ்டம். உயில் எழுதாமல் போனவர்கள் சொத்துக்குத்தான் இந்தச் சட்டங்கள்.

மாசசூசெட்ஸில் 1692-ஆம் வருடச் சட்டப்படி மகன், மகள் எல்லோருக்கும் பங்கு உண்டு; மூத்த மகனுக்கு மட்டும் இரட்டைப் பங்கு. ஐந்து பிள்ளைகள் என்றால் சொத்தை ஆறாக்கி மூத்தவனுக்கு இரண்டு, மற்ற நால்வருக்கும் ஒவ்வொன்று. இது அவர்கள் பைபிளிலிருந்து எடுத்தது: உபாகமம் 21-ஆம் அதிகாரம், 17-ஆம் வசனம். கனெக்டிகட்டிலும் இதே மாதிரிதான். ஆனால் அங்கே விந்த்ராப் என்ற பெரிய குடும்பத்து மகன், தன் சகோதரிக்குப் பங்கு கொடுக்க மனமில்லாமல் லண்டன் வரைக்கும் போனார். ‘இங்கிலாந்துச் சட்டப்படி நிலம் முழுக்க மகனான எனக்குத்தான்’ என்று வாதாடி 1728-ல் ஜெயித்தும்விட்டார். ஒரு பணக்காரர் பிடிவாதத்தால் காலனி முழுக்க இருந்த சின்னச் சின்னப் பண்ணைகளின் பாகப்பிரிவினை எல்லாம் செல்லுமா செல்லாதா என்று அந்தரத்தில் தொங்கின. 1740களில் வந்த வேறு தீர்ப்புகளுக்குப் பிறகுதான் ஜனங்கள் மூச்சு விட்டார்கள். மாசசூசெட்ஸ் இரட்டைப் பங்கை 1789-ல் எடுத்தது. பென்சில்வேனியா 1794-ல்.

வர்ஜீனியாவில் உயில் இல்லையென்றால் நிலம் முழுக்க மூத்த மகனுக்கே. இந்தச் சட்டத்தின் கடைசி நாட்களில் அகப்பட்டது நமக்கெல்லாம் பேர் தெரிந்த ஒரு குடும்பம். ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் தாத்தா, அவர் பேரும் ஆபிரகாம்தான், அப்போது வர்ஜீனியாவோடு சேர்ந்திருந்த கென்டக்கியில் 1786-ல் வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது பூர்வகுடிகளின் தாக்குதலில் இறந்துபோனார். ஆயிரக்கணக்கான ஏக்கர் அவர் பேரில் இருந்தது. பெரும்பாலும் திருத்தாத காடு. உயில் இல்லை. மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். நிலம் மூத்தவர் மோர்டிகாய்க்குப் போனது. எட்டு வயதுக் கடைசி மகன் தாமஸுக்கு ஒன்றும் இல்லை. மூத்த மகன் உரிமையை ஒழித்த சட்டம் 1785-லேயே நிறைவேறியிருந்தது. நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரி 1-ஆம் தேதி. தகப்பன் இன்னும் எட்டு மாதம் இருந்திருந்தால் தாமஸுக்கும் பங்கு வந்திருக்கும். அந்தத் தாமஸ்தான் ஜனாதிபதியின் அப்பா. தன் தகப்பனார் எழுத்து வாசனை இல்லாமல் அலைந்து திரிந்து கூலி வேலை செய்து வளர்ந்தவர் என்று பிற்பாடு லிங்கனே எழுதினார்.

கேள்வி: அறுபது எழுபது ஏக்கரை ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பிரித்தால் கடைசியில் வரப்புதானே மிஞ்சும்?
(வாசகர், லால்குடி)

அதற்கு வழி வைத்திருந்தார்கள். மொத்தத்தையும் கெடுக்காமல் பிரிக்க முடியாது என்று நீதிமன்றம் நியமித்த அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் எழுதிக் கொடுத்தால், நீதிமன்றம் நிலம் முழுவதையும் ஒரு மகனிடம் ஒப்படைக்கும். முதல் உரிமை மூத்தவனுக்கு. மதிப்புப் போட்டு மற்றவர்கள் பங்கை அவன் பணமாகக் கொடுக்க வேண்டும். காகிதத்தில் நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் நிலத்தை வாங்கியவன் தம்பி தங்கைகளுக்குக் கடனாளியாகவே பல வருடம் உழைத்தான். பணத்தை வாங்கியவர்கள் நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மெய்ன் என்று மலிவு நிலம் தேடிப் போனார்கள். அப்புறம் ஒஹாயோ.

அந்த ஒஹாயோ பக்கத்துக்காக 1787 ஜூலையில் போட்ட வடமேற்குப் பிரதேசச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். ஆளுநரை யார் நியமிப்பது என்று சொல்வதற்கு முன்னாலேயே, இரண்டாவது பிரிவிலேயே, சொத்து எப்படி இறங்கும் என்று சொல்லிவிடுகிறார்கள்: பிள்ளைகளுக்குச் சமபங்கு, முன்னாலேயே இறந்துபோன பிள்ளையின் பங்கு பேரப்பிள்ளைகளுக்கு, விதவைக்கு வழக்கமான மூன்றில் ஒன்று. மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு என்ற பேச்சே இல்லை. புது மண்ணுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் பங்குச் சண்டையில் அடிபட்டவர்கள் என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

கேள்வி: மூத்தவனை இன்ஜினீயரிங் படிக்க வைத்தோம், தம்பிக்கு அது வாய்க்கவில்லை. படிக்க வைத்த செலவைப் பங்கில் கழிக்கலாமா என்று எங்கள் வீட்டில் வாக்குவாதம். அந்தக் காலத்து அமெரிக்காவில் எப்படி?
(வாசகர், ஈரோடு)

கழித்தார்கள் ஐயா, மனத்தாங்கல் இல்லாமல் கழித்தார்கள். ஜான் ஆடம்ஸ் பிற்பாடு அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி. அவர் அப்பா மாசசூசெட்ஸில் பிரெயின்ட்ரீ என்ற ஊரில் விவசாயி. குளிர்காலத்தில் செருப்புத் தைப்பார். மூன்று மகன்கள். மூத்தவரான ஜானை மட்டும் ஹார்வர்டுக்கு அனுப்பினார். 1761-ல் அவர் இறந்தபோது உயிலில் ஜானுக்குத்தான் குறைந்த பங்கு: ஒரு சின்ன வீடும் சுமார் நாற்பது ஏக்கரும். உயில் இல்லாமல் போயிருந்தால் மூத்தவர் என்று இரட்டைப் பங்கு வந்திருக்கும் என்பதை மறக்கக்கூடாது. பிறந்த வீடு தம்பி பீட்டருக்குப் போனது. ஜான் அதை 1774-ல் தம்பியிடமிருந்து விலைக்கு வாங்கினார்.

இன்னொரு வாசகர், ஒரு மகனுக்கு ‘ஐந்து ஷில்லிங்’ மட்டும் எழுதியிருந்தால் அது தலைமுழுகியதற்கு அடையாளமா என்று கேட்டிருக்கிறார். சில இடங்களில் அப்படியும் இருக்கலாம். ஆனால் பக்கத்து வரியைப் படிக்க வேண்டும். ‘ஏற்கெனவே அவனுக்குக் கொடுத்தது போக’ என்று இருக்கும். கல்யாணத்தின்போதே நிலமோ மாடோ வாங்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போன பிள்ளை அவன். பிற்பாடு ‘என்னை மறந்துபோய் விட்டுவிட்டார்’ என்று வழக்குப் போடாமல் இருக்கத்தான் அந்த ஷில்லிங். உங்கள் வீட்டு விஷயத்திலும், கழிப்பதோ கழிக்காததோ, எதற்காகக் கழிக்கிறீர்கள் என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: நீங்கள் எழுதுவதைப் படித்தால் அந்தக் குடியானவர்கள் எல்லோரும் நியாயஸ்தர்கள் என்று தோன்றுகிறது. அடிமைகள்?
(வாசகி, சென்னை)

கேட்டதற்கு நன்றி அம்மா. போன இதழில் நான் அதைத் தொடாமல் விட்டது தப்பு.

ஒருவர் இறந்ததும் மூன்று அயலார் வந்து அறை அறையாகப் போய்ச் சொத்துப் பட்டியல் எடுப்பார்கள். முதல் வரி பெரும்பாலும் இறந்தவரின் உடுப்பு. பிறகு இறகு மெத்தை, போர்வை, தகரக் கலவைத் தட்டு, இரும்புப் பானை, ராட்டை, மரம் அறுக்கும் ஆலையில் கால் பங்கு, பிரார்த்தனைக் கூடத்தில் ஒரு இருக்கை என்று போகும். ஒவ்வொன்றுக்கும் எதிரே பவுண்டு, ஷில்லிங், பென்ஸ். அந்த எழுத்தில் ‘எஸ்’ நீண்டு ‘எஃப்’ மாதிரி இருக்கும். தடுமாறித் தடுமாறித்தான் படிக்க வேண்டும். அப்படி விரல் வைத்துப் படித்துக்கொண்டே போகும்போது, மாட்டுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு மனுஷனின் பேர் வரும். ஊர்ப்பேரோ குடும்பப் பேரோ இல்லாத ஒற்றைப் பேர். எதிரே விலை. தெற்கில் மட்டுமில்லை, மாசசூசெட்ஸிலும் இது இருந்தது. அடிமைமுறை அந்த மாநிலத்து அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று 1783-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொல்லும்வரை.

தெற்கே பாகப்பிரிவினை என்பதே அந்தக் குடும்பங்களுக்கு இடி விழுகிற நாள். எஜமானின் பிள்ளைகளுக்குப் பங்கு சமமாக வரவேண்டும் என்பதற்காகத் தாயை ஒரு மகனுக்கும் குழந்தையை ஒரு மகளுக்கும் எழுதுவார்கள். ‘அவளும், இனி அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளும்’ என்று எழுதுவார்கள். மனைவிக்குக் கிணற்றுக்கு வழி வைத்த அதே கைதான் இதையும் எழுதியது. அந்தத் தாளை மூடிவைத்துவிட்டு அன்று நான் வேறு எதையும் படிக்கவில்லை.

கேள்வி: பெண் பிள்ளைகளுக்கு என்னதான் கிடைத்தது? ஒரு பெண் தானாக உயில் எழுத முடிந்ததா?
(வாசகி, நாகர்கோவில்)

நிலம் மகன்களுக்கு, நகருகிற பொருள் மகள்களுக்கு என்பதுதான் பெரும்பாலான உயில்களின் போக்கு. கல்யாணத்தின்போது மெத்தை, துணிமணி, பானை, ஒரு பசு. அது கொஞ்சம்தானே என்று நினைக்க வேண்டாம். நல்ல இறகு மெத்தையும் அதன் விரிப்புகளும் சேர்ந்தால் பல பட்டியல்களில் பசுவைவிட விலை அதிகம். ஆனால் கல்யாணம் ஆனதும் அந்த அசையும் பொருள் எல்லாம் சட்டப்படி கணவனுடையது. அவன் சம்மதம் இல்லாமல் மனைவி உயில் எழுத முடியாது.

கனெக்டிகட் ஆற்றங்கரை ஊர்களில் 1700-ஐ ஒட்டிய காலத்தில் பெண்களுக்குப் பெட்டியும் அலமாரியும் செய்யும்போது அவர்கள் பேரின் முதலெழுத்துகளைப் போடுவது வழக்கம், பிறந்த வீட்டுப் பேரின் எழுத்துகள். ஹேட்லி ஊரின் ஹன்னா பர்னார்டுக்குச் செய்த அலமாரியில் முழுப்பேரையும் முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் தீட்டியிருக்கிறார்கள். அவர் 1715-ல் ஜான் மார்ஷ் என்பவரைக் கட்டிக்கொண்டு, 1717-ல் பெண் குழந்தை பெற்றதும் இறந்துபோனார். அலமாரி அந்தக் குழந்தை அபிகெயிலுக்கு வந்தது. அபிகெயில் தன் மகளுக்கு ஹன்னா பர்னார்டு ஹேஸ்டிங்ஸ் என்று பேர் வைத்தார். முகமே பார்க்காத தாயின் முழுப்பேரையும் அப்படியே எடுத்து வைத்தார். அந்த அலமாரி இன்று மிச்சிகனில் ஹென்ரி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தைத்தான் பார்த்திருக்கிறேன். சிவப்பும் கறுப்பும் பூவேலை, நடுவே அந்தப் பேர்.

திருமணமான பெண்ணின் சொத்து அவளுக்கே என்று சட்டங்கள் வர ஆரம்பித்தது மிஸ்ஸிஸிப்பியில் 1839-ல், நியூயார்க்கில் 1848-ல். அதற்கெல்லாம் முன்னாலேயே ஒரு பெண் உயில் எழுதிவிட்டார். மேலே சொன்ன ஜான் ஆடம்ஸின் மனைவி, அவர் பேரும் அபிகெயில்தான். 1816 ஜனவரியில், எழுபத்தோரு வயதில், உடம்பு சரியில்லாத நேரத்தில் தன் கையாலேயே எழுதினார். பணம், உடுப்பு, நகை. பெரும்பாலும் பேத்திகளுக்கு, சகோதர சகோதரிகளின் பெண்களுக்கு, மருமகள்களுக்கு, வீட்டில் வேலை செய்த பெண்களுக்கு. சட்டப்படி அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. அதில் இருந்த அத்தனையும் கணவனுடையது. அபிகெயில் 1818 அக்டோபரில் இறந்தார். ஹார்வர்டில் படித்து, சட்டத்தையே தொழிலாக வைத்திருந்த ஜான் ஆடம்ஸுக்கு அது செல்லாது என்பது மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும். மனைவி எழுதியிருந்தபடியே எல்லாவற்றையும் கொடுக்கச் செய்தார்.